வானநூல் வித்தகர் வைணு பாப்பு

சென்னை மாநகரின் வடபால், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் நீண்டு கிடக்கின்றது ஒரு கடற்கரை. துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும், ஆலைகளின் புகைபோக்கிகளும், காசிமேட்டு மீனவர்களின் படகுகளும் நிறைந்த அக்கடற்கரை உழைப்பின் உறைவிடமாகும். இரவில் அங்கு நின்று கடலை நோக்கினால், இருளில் பல விளக்குகள் மின்னுவதைக் காணலாம். அவற்றுள் ஒன்று, கரைக்கு அண்மையில் வலை வீசும் சிறு படகின் விளக்காக இருக்கலாம். மற்றொன்று, துறைமுகத்துள் நுழையும் முறைக்காகத் தொலைவிற் காத்து நிற்கும் பெருங்கப்பலின் விளக்காக இருக்கலாம். சிறு விளக்கு அண்மையிலும் பெருவிளக்கு சேய்மையிலும் இருப்பதால், இரண்டும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றும். எது அருகில் உள்ளது, எது தொலைவில் உள்ளது என்று கூற வேண்டுமாயின், அவ்விளக்குகளின் உண்மையான ஒளி எவ்வளவு என்பது முதலில் தெரிதல் வேண்டும்.

வானத்து விண்மீன்களின் நிலையும் இதுவேயாகும். நம் கண்ணுக்கு ஒத்த ஒளியுடன் தோன்றும் இரு விண்மீன்களுள் ஒன்று அருகிலுள்ள சிறு விண்மீனாகவும், மற்றொன்று மிகத் தொலைவிலுள்ள பெரு விண்மீனாகவும் இருத்தல் கூடும். நூலிட்டு அளக்க இயலாத அவ்வெளியில், விண்மீனின் உண்மை ஒளியை அறிவது எவ்வாறு? அதற்கு எளியதொரு வழி கண்ட அறிஞர் இருவருள் ஒருவர், இதே சென்னை மாநகரிற் பிறந்தவர். இந்தியாவின் வானநூல் ஆராய்ச்சிக்குப் புத்துயிர் அளித்தவர். அவரே வைணு பாப்பு ஆவார்.

ஒளி கூறும் செய்தி

பாப்புவின் பணியை உணர்வதற்கு, ஒளியைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். எண்ணூர்க் கழியை அடுத்து முன்னாளில் உப்பளங்கள் பல இருந்தன. அங்கு விளைந்தது போன்ற உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து நெருப்பில் இட்டால், சுடர் பளிச்சென்று மஞ்சள் நிறம் பெறும். உப்பில் உள்ள சோடியம் என்னும் தனிமமே அதற்குக் காரணம். இவ்வாறு ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய நிறங்கள் உள்ளன. ஒருவருடைய கைரேகை மற்றொருவருக்கு அமையாதது போல, ஒரு தனிமத்தின் நிறக்கோடுகள் மற்றொரு தனிமத்துக்கு அமைவதில்லை.

ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தினால், அது வானவில்லைப் போலப் பல நிறங்களாகப் பிரிந்து விரியும். இதனை நிறமாலை என்பர். 1814ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரவுன்ஹோபர், கதிரவனின் நிறமாலையில் நூற்றுக்கணக்கான இருண்ட கோடுகள் இருப்பதைக் கண்டு அவற்றை வரைந்து வைத்தார். 1859ஆம் ஆண்டில் கிர்க்காபும் பன்சனும் அக்கோடுகளின் பொருளை விளக்கினர். கதிரவனைச் சூழ்ந்துள்ள ஆவியிலுள்ள தனிமங்கள், தத்தமக்குரிய நிறங்களை விழுங்கிவிடுவதால் அக்கோடுகள் தோன்றுகின்றன. ஆகவே, விண்மீனுக்குச் செல்லாமலே, அதன் ஒளியைப் படித்து, அதில் உள்ள பொருள்களையும் அதன் வெப்பத்தையும் நாம் அறிய முடிகின்றது. கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலில் உள்ள கால்சியமே, கோடானுகோடிக் கல் தொலைவிலுள்ள விண்மீனிலும் உண்டு என்னும் வியத்தகு உண்மையை நிறமாலையே நமக்குக் காட்டிற்று.

பிறப்பும் இளமையும்

மணலி கல்லத் வைணு பாப்பு, 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். அவர் பெயரில் உள்ள மணலி, திருவொற்றியூரை அடுத்துள்ள மணலி அன்று. மலபார்ப் பகுதியைச் சேர்ந்த அவருடைய குடும்பத்தின் பெயராகும். தந்தையார், ஐதராபாத்திலிருந்த நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றி வந்தார். ஆதலால், பிற சிறுவர்கள் பம்பரமும் பட்டமும் கொண்டு விளையாடிய பருவத்தில், பாப்பு தொலைநோக்கியின் அருகில் வளர்ந்தார். தந்தையாரின் தொழிலே மைந்தரின் வேட்கையாயிற்று.

ஐதராபாத்து நிசாம் கல்லூரியிற் பயிலும்போதே, ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் மாறொளி விண்மீன்களை அவர் ஆராய்ந்தார். தாம் கண்டவற்றைக் கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். மாணவப் பருவத்திலேயே அவரிடம் அமைந்திருந்த இவ்வாராய்ச்சித் திறன், அவருக்கு ஐதராபாத்து அரசின் உதவிச் சம்பளத்தைப் பெற்றுத் தந்தது. 1949ஆம் ஆண்டில், உயர்கல்வியின் பொருட்டு அவர் அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

ஹார்வர்டில் கண்ட புகழ்

நிறமாலை ஆராய்ச்சியில் ஹார்வர்டு வானாய்வகம் பெரும்பெயர் பெற்றதாகும். ஆனி ஜம்ப் கேனன் என்னும் அம்மையார் அங்கிருந்துதான் விண்மீன்களை அவற்றின் நிறமாலையைக் கொண்டு வகைப்படுத்தினார். செவிப்புலன் பெரிதும் குன்றியிருந்த அவ்வம்மையார், ஒளிப்படத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் நோக்கி, 2,25,300 விண்மீன்களுக்கு வகை குறித்தார். 1918 முதல் 1924 வரையில் அப்பட்டியல் ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு முன் அத்துணை விண்மீன்களின் நிறமாலையை எவரும் வகைப்படுத்தியதில்லை.

அத்தகைய பெருமை வாய்ந்த இடத்திற்கு வந்து சில திங்களே ஆன நிலையில், பாப்பு ஓர் அரிய செயலைச் செய்தார். 1949ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் இரவில் அவர் எடுத்த வானப் படத்தில், முன்னர் எவரும் காணாத வால்மீன் ஒன்று பதிந்திருந்தது. அவருடைய ஆசிரியர் பார்ட் போக்கும், உடன் பயின்ற நியூகர்க்கும் அவருக்குத் துணை நின்று அதனை உறுதி செய்தனர். மூவர் பெயராலும் அது பாப்பு–போக்–நியூகர்க்கு வால்மீன் என்று வழங்கலாயிற்று. அக்கண்டுபிடிப்புக்காகப் பசிபிக் வானநூற் கழகம் அவருக்கு டோனோ வால்மீன் பதக்கம் வழங்கியது. 1952ஆம் ஆண்டில் அவர் டாக்டர் பட்டம் பெற்றார்.

வில்சன்–பாப்பு விளைவு

பின்னர், கார்னெகி ஆராய்ச்சி நல்கை பெற்று, கலிபோர்னியாவிலுள்ள மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களுக்குச் சென்றார். அக்காலத்தில் உலகிலேயே பெரியதாக விளங்கிய 200 அங்குலத் தொலைநோக்கி பாலோமரில்தான் இருந்தது. அங்கு ஓலின் வில்சன் என்னும் அறிஞருடன் இணைந்து பாப்பு ஆற்றிய ஆராய்ச்சியே அவர் பெயரை வானநூலில் நிலைநிறுத்தியது.

கதிரவனையும், அதனினும் வெப்பம் குறைந்த விண்மீன்களையும் நோக்கினால், அவற்றின் நிறமாலையின் ஊதாப் பகுதியில் கால்சியத்தால் விளைந்த அகன்ற இருட்கோடு ஒன்று காணப்படும். அதனை கே கோடு என்பர். சில விண்மீன்களில் அவ்விருட்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று மிளிரும். சிற்சில விண்மீன்களில் அது பளிச்சிடும்; சிலவற்றில் மங்கியிருக்கும். வில்சனும் பாப்புவும் அதன் பிரகாசத்தை அளப்பதோடு நில்லாது, அதன் அகலத்தையும் அளந்தனர். ஒன்றிரண்டு அல்ல, 185 விண்மீன்களின் ஒளிப்படத் தகடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர்.

அளவுகளை ஒழுங்குபடுத்தியபோது, வியப்பிற்குரிய உண்மை ஒன்று வெளிப்பட்டது. ஒளிக்கீற்று பளிச்சிட்டாலும் மங்கினாலும், அதன் அகலம் விண்மீனின் உண்மை ஒளியைச் சார்ந்தே இருந்தது. சிறு விண்மீன்களில் கீற்றுக் குறுகியும், பெரு விண்மீன்களில் அகன்றும் காணப்பட்டது. மிக மங்கிய விண்மீனுக்கும் மிகப் பெரிய விண்மீனுக்கும் இடையே ஒளியளவில் பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு இருந்தும், அத்துணை விண்மீன்களும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நின்றன. எனவே, கீற்றின் அகலத்தை அளந்தால் விண்மீனின் உண்மை ஒளி தெரியும்; அதனைக் கண்ணுக்குத் தோன்றும் ஒளியுடன் ஒப்பிட்டால் அதன் தொலைவு தெரியும். கடலில் மின்னும் விளக்கு படகினுடையதா, கப்பலினுடையதா என்று அவ்விளக்கின் ஒளியைக் கொண்டே சொல்வதை ஒத்தது இது. 1957ஆம் ஆண்டில் வெளியான இவ்வுண்மை, வில்சன்–பாப்பு விளைவு என்று உலகெங்கும் வழங்குகின்றது.

தாய்நாட்டுக்கு மீளல்

உலகின் தலைசிறந்த தொலைநோக்கிகள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. அங்கேயே தங்கியிருப்பின், பேராய்வுகள் பலவற்றை எளிதில் நிகழ்த்தியிருக்கலாம். ஆனால், இந்திய வானநூலின் நிலை அந்நாளில் வேறாக இருந்தது. 1792ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகம், பிற்காலத்தில் கோடைக்கானலுக்கு இடம் பெயர்ந்து, கதிரவன் ஆராய்ச்சியிற் சிறந்து விளங்கியது. எனினும், தொலைவிலுள்ள விண்மீன்களின் நிறமாலையை விரிவாக ஆராய்வதற்கு ஏற்ற பெரிய தொலைநோக்கி நாட்டில் எங்கும் இல்லை. பிறர் நாட்டுத் தொலைநோக்கியில் தாம் ஒருவர் புகழடைவதா, தம் நாட்டில் பலரும் ஆராய்வதற்கு வழி அமைப்பதா என்னும் இரண்டனுள், பாப்பு பின்னதையே தேர்ந்தார்.

1953ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டில், வாரணாசியில் புதிதாகத் தோன்றியிருந்த உத்தரப்பிரதேச அரசு வானாய்வகத்தின் பொறுப்பினை ஏற்றார். தூசும் விளக்கொளியும் மிக்க சமவெளி நகரம் வானாய்வுக்கு ஏற்றதன்று எனக் கண்டு, 1955ஆம் ஆண்டில் அதனை இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலுக்கு மாற்றினார். அன்று அவர் வளர்த்த அவ்வமைப்பே இன்று ஆரியபட்டா ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது. 1960ஆம் ஆண்டில் அவர் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். அங்கு நெடுங்காலமாகவே, கால்சியத்தின் கே கோட்டின் ஒளியில் கதிரவனைப் படம் பிடித்து வந்தனர். தாம் விண்மீன்களிற் கண்ட ஒளிக்கீற்று எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அறிய, அருகிலுள்ள விண்மீனாகிய கதிரவனையே அவர் அங்குத் துருவி ஆராய்ந்தார்.

காவலூரின் தோற்றம்

கோடைக்கானலில் முகில் மூடும் இரவுகள் மிகுதி. ஆகவே, இரவு வானத்தை ஆராய்வதற்குரிய நல்லிடம் ஒன்றைப் பாப்பு நாடினார். பல இடங்களையும் ஆராய்ந்த பின், சவ்வாது மலையிலுள்ள காவலூர் என்னும் சிற்றூரை அவர் தேர்ந்தார். இன்று அது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத அம்மலைக்காட்டிலிருந்து, வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காண இயலும்.

1968ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற முதல் தொலைநோக்கியின் ஆடி, 38 சென்டிமீட்டர் விட்டமே உடையது. அத்தொலைநோக்கி கோடைக்கானல் பட்டறையில் உருவானது. 1972ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த 102 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி அதனுடன் சேர்ந்தது. 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், யுரேனசுக் கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியைக் கொண்டு அக்கோளைச் சூழ வளையங்கள் உள்ளன என்பது உலகுக்குத் தெரிய வந்தது. அந்நிகழ்ச்சியைக் கண்டு பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்றாகும். இதற்கிடையே, 1971ஆம் ஆண்டில், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்ற அமைப்பாகத் தோன்றியது. பாப்பு அதன் முதல் இயக்குநரானார்.

அவருடைய நெஞ்சில் நெடுநாள் குடிகொண்டிருந்த எண்ணம் ஒன்று உண்டு. பெரிய தொலைநோக்கி ஒன்றை வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்காது, இந்தியரே சமைத்தல் வேண்டும் என்பதே அது. வாங்கிய கருவி பழுதுற்றால் பிறர் கையை எதிர்நோக்க வேண்டும். தாமே செய்த கருவியோ, செய்தவர்க்கு அறிவையும் சேர்த்து அளிக்கும். இக்கருத்துடன், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கியின் வேலையை அவர் தொடங்கினார். அவ்வாடி பெங்களூரில், தம் நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டது. அது பல ஆண்டுகள் பொறுமையுடன் செய்ய வேண்டிய வேலையாயிருந்தது.

புகழும் மறைவும்

1970ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசு அவரை அடைந்தது. 1979ஆம் ஆண்டில், உலக நாடுகளின் வானநூல் அறிஞர் அனைவரும் சேர்ந்த பன்னாட்டு வானியல் ஒன்றியம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியர்களுள் அப்பதவியைப் பெற்ற முதல்வர் அவரே. 1981ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துப் பாராட்டியது.

ஆனால், காலன் காத்திருக்கவில்லை. 1982ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 19ஆம் நாள், ஜெர்மனியின் மியூனிக் நகரில், இதய அறுவைக்குப் பின் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தே. தாம் வாழ்நாளெல்லாம் விரும்பிய பெருந்தொலைநோக்கியின் வழியே ஒரு விண்மீனையேனும் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. எனினும், அவர் பயிற்றிய மாணவர்களும் தொழில் வல்லுநரும் அவ்வேலையைக் கைவிட்டாரில்லை. 1986ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், அந்நாளைய இந்தியத் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி அத்தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். அதற்கும், காவலூர் வானாய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பெற்றது.

பொறிகளின் காலம்

கேனன் அம்மையார் கண்ணால் நோக்கி வகைப்படுத்திய விண்மீன்கள் இலட்சக்கணக்கின. இன்றோ, வானம் முழுவதையும் அளந்து செல்லும் பேராய்வுகள் கோடிக்கணக்கான நிறமாலைகளைக் குவிக்கின்றன. சீன நாட்டின் லாமோஸ்ட் தொலைநோக்கி ஒரே வேளையில் 4,000 விண்மீன்களின் ஒளியைத் தனித்தனியே பிரித்துப் பதிவு செய்யும் ஆற்றலுடையது. ஐரோப்பாவின் கையா விண்கலம் எடுத்த நிறமாலைகளில் சுமார் 22 கோடி, 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. இவற்றை ஒருவர் நாளுக்கு ஆயிரம் என்று நோக்கினும், முடிப்பதற்கு அறுநூறு ஆண்டுகள் ஆகும். ஆகவே, இவ்வேலையைக் கணிப்பொறிகள் ஏற்றுள்ளன.

கணிப்பொறி இதனைக் கற்கும் முறை, பள்ளி மாணவன் எழுத்துக் கற்பதைப் போன்றது. வெப்பமும் ஒளியும் முன்னரே செவ்வையாக அளக்கப்பெற்ற விண்மீன்களின் நிறமாலைகளை முதலில் அதற்குக் காட்டுவர். எவ்வகைக் கோடு எவ்வகை விண்மீனுக்கு உரியது என்பதைப் பொறி அவற்றிலிருந்து பழகிக்கொள்ளும். பின்னர், அதுவரை எவரும் ஆராயாத நிறமாலைகளைத் தானே படித்து முடிவு கூறும். 1994ஆம் ஆண்டிலேயே புனே நகரத்து வானியல் அறிஞர்கள் இம்முறையைக் கையாண்டு விண்மீன்களை வகைப்படுத்திக் காட்டினர். பிற்காலத்தில், பாப்புவின் பெயர் தாங்கிய காவலூர்த் தொலைநோக்கியில் எடுத்த நிறமாலைகளையும் இவ்வாறே கணிப்பொறிக்குப் பயிற்றி, உலோகச் செறிவு குறைந்த முதுபெரும் விண்மீன்களை இனங்காண முயன்றனர்.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. ஆசிரியர் பிழைபடக் கற்பித்தால் மாணவரும் பிழைபடவே கற்பர். மாணவன் ஓரிடத்திற் செய்யும் பிழையைப் பொறி கோடியிடங்களிற் செய்யும். ஆதலால், பொறியின் தீர்ப்புக்கு அடிப்படையாக அமைவது, மனிதர் கண்ணும் கையும் கொண்டு பொறுமையுடன் அளந்த அளவேயாகும். வில்சனும் பாப்புவும் தகடுகளில் அளந்த 185 விண்மீன்களின் விதி, அத்தகைய அளவுக்கு ஒரு சான்றாகும். 1989ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற ஹிப்பார்க்கஸ் விண்கலம், விண்மீன்களின் தொலைவை வேறு வழியால் நேரே அளந்து தந்தது. அவ்வளவுகளோடு ஒப்பிட்டு நோக்கியபோது, வில்சன்–பாப்பு விதி சிறு திருத்தங்களுடன் நிலைபெற்று நின்றது.

இன்று, இராயபுரத்துக் கடற்கரையில் நின்று அண்ணாந்து நோக்குபவர் கண்ணுக்கு, துறைமுகத்தின் விளக்கொளியையும் ஆலைகளின் புகையையும் கடந்து சில விண்மீன்களே தென்படும். அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சவ்வாது மலையின் இருளிலோ, வைணு பாப்புத் தொலைநோக்கி எண்ணிறந்த விண்மீன்களின் ஒளியைத் திரட்டுகின்றது. தாம் காண இயலாத வானத்தைப் பிறர் காணுமாறு செய்தவர் பாப்பு. தாம் நட்ட மரத்தின் கனியைத் தாம் உண்ணாவிடினும், வருங்காலத்தார் உண்பர் என்று நட்டவர் அவர். நேர்மையாக அளத்தலும், அளந்ததை நாட்டுக்கு உரிமையாக்கலும் ஆகிய இரண்டையும் அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கின்றது. காவலூர் வானில் விண்மீன்கள் மின்னும் வரையில் அவர் பெயரும் ஒளியுடன் திகழும்.